எழுநூறு கட்டைவிரல்

பதினாலாயிரம் என்றார் சென்னைக் கடைக்காரர்,
ஒரு ஜோடி கையுறைக்கு.
"கோலின்னா கட்டைவிரலுக்குள்ள தகடு இருக்கணும் மேடம்.
தகடு இல்லாதது ஏழாயிரத்துல இருக்கு.
அது ஓடுறவங்களுக்கு."

ஓடுகிறவள் ஷர்மிதா பர்வீன், வேதாளைக்காரி.
நிற்கிறவள் நான்.

லக்ராஸ் என்றால் தங்கச்சிமடத்தில் ஒருவருக்கும் தெரியாது.
கம்பு நுனியில் வலை, அதில் பந்து என்று விளக்கினால்
"அத்தாங்கா?" என்று கேட்டுவிட்டு
மீதியைக் கேட்காமல் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும். பந்து ரப்பர்தான்,
ஆனால் ரப்பர் என்ற பெயரில் ஒரு கல்.
போன ஆனியில், உச்சிப்புளி மைதானத்தில்,
கச்சான் காற்று கண்ணில் மணலை அள்ளிப் போட்ட நொடியில்
வலது கட்டைவிரலில் வந்து இறங்கியது.
நகம் நாவற்பழமாகி
பிறகு கழன்றே போனது.

எனக்கு விரல்தான் பிழைப்பு.
இ-சேவை மையம், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே.
காலையில் இயந்திரம் விழிக்க என் ரேகை வேண்டும்.
கட்டுப்போட்ட விரலை அதற்குத் தெரியவில்லை.
மூன்று வாரம் ஷட்டர் பாதிதான் ஏறியது.

அதனால் இந்த முறை யோசித்து வாங்குவது என்று இருந்தேன்.
மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை
வருமானச் சான்று விண்ணப்பத்தின் பின்பக்கம் கை வைத்து வரைந்தேன்.
பத்து அங்குலம் இறுக்கும், பதின்மூன்று கழலும்.
உள்ளங்கைக்குத் தோல் வேண்டாம்,
நம் உப்புக்காற்றில் ஒரு மாதத்தில் அப்பளமாய் நொறுங்கும்.
வலைத்துணி போதும், வியர்வை வெளியே போகும்.
முட்டிகளின் மேல் நுரை, இரண்டு அடுக்கு.
கேப்டனுக்கு வெள்ளை ஆசை.
கறுப்பு என்றேன்.
கறுப்பில் உப்புப் பூக்கும், பூத்தால் தெரியும், தெரிந்தால் கழுவுவோம்.

எல்லாம் சரி, விலை?

ஒரு ரேகைக்கு எனக்கு இருபது ரூபாய்.
தடைக்கால நிவாரணம், விதவை உதவித்தொகை, பெயர் திருத்தம்,
எதற்கு வந்தாலும் அதே இருபது.
கால்குலேட்டர் வேண்டியிருக்கவில்லை.
எழுநூறு கட்டைவிரல்.

அன்று மதியம் சின்னப்பாலத்திலிருந்து மரியபுஷ்பம் அக்கா வந்தார்.
பாசி எடுக்கிறவர். விரல்களில் இன்னும்
சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றிய தடம்,
அதற்கு வெளியே பாறை கிழித்த தடம்.
கட்டைவிரல் வைத்தார்.
மீண்டும் முயலவும்.
துடைத்து வைத்தார்.
மீண்டும் முயலவும்.
எண்ணெய் தொட்டு, ஊதி, சேலையில் தேய்த்து
விரல் விரலாகப் போய்க்கொண்டிருந்தோம்.
இடையில் என் போனில் கிடந்த படத்தைப் பார்த்துவிட்டார்.

"இது என்னடி, கரடிக் கையா?"
"பந்து பிடிக்க, அக்கா."
"இதைப் போட்டுக்கிட்டுக் கடல்ல இறங்கலாமா?"
"தண்ணி குடிச்சுக் கனத்துரும். விரலும் மடங்காது."
"அப்ப எனக்கு ஆகாது" என்றார், கடையில் மீனைத் தள்ளிவிடுகிறவர் போல.
பிறகு, "எவ்வளவு?"

எழுநூறு, என்றேன்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

"எழுநூறா! யேசுவே" என்று நெஞ்சில் கை வைத்தவர்
அதே கையை எடுத்து, எரிச்சலில், ஏனோதானோவென்று
இடது மோதிரவிரலை அழுத்தினார்.
பச்சை விளக்கு.
ஒன்பதாவது விரல்.
இருவரும் கத்திவிட்டோம்.

இருபது ரூபாயை வாங்கினேனா என்று கேட்காதீர்கள்.
வாங்கினேன்.

பார்சல் வந்தது பதினோராம் நாள்.
கொண்டுவந்தவர் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்க
நான் அதற்குள் டேப்பைக் கிழித்து
இரண்டையும் மாட்டிவிட்டேன்.
உள்ளே புது நுரையின் வாசம்,
என் விரல்கள் எங்கோ தூரத்தில் இருந்தன.
"கையெழுத்து" என்றார்.
கழற்ற மனமில்லை.
அப்படியே பேனாவைப் பிடித்துப் போட்டேன்.
வேறு யாருடையதோ போல் வந்தது.
அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
சரி என்று மடித்து வைத்துக்கொண்டார்.